உளியும் பொறியும்

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள பாறையொன்றில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் கி. பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த கோயிலை இன்றும் காணலாம். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றிப் பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் இக்கோயிலை அமைத்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டுக் கூறுகின்றது. விசித்திரசித்தன் என்பது அம்மன்னனின் விருதுப்பெயர்.

அந்நான்கையும் விலக்கியபின் எஞ்சியவை பாறையும் உளியுமே. பாறையோ மிகக் கடியது. ஒருமுறை உடைத்து நீக்கிய துண்டினை மீண்டும் பொருத்துதல் இயலாது. ஆதலின் சிற்பியர் தூண்களைப் பருமனாக நிறுத்தினர். அடியையும் முடியையும் சதுரமாக விட்டு, இடையை மட்டும் எட்டுப் பட்டையாகச் செதுக்கினர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, இராசசிம்ம பல்லவன் காஞ்சியில் கைலாசநாதர் கோயிலை எடுப்பித்தான். அங்கே மென்மையான மணற்கல் மிகுதியும் பயன்பட்டமையால், நுண்ணிய வேலைப்பாடுகளுக்கு இடம் உண்டாயிற்று. கைக்கு வாய்த்த பொருளும் கருவியும் கலையின் தோற்றத்தை வகுக்கின்றன என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுண்மை, இக்கால இளைஞர் பெரிதும் விரும்பும் வீடியோ விளையாட்டுகளுக்கும் பொருந்தும். அங்கே கல்லும் இல்லை, உளியும் இல்லை. அவற்றின் இடத்தில் இருப்பது கணிப்பொறியில் இயங்கும் ஒரு பெருநிரல். அதனைக் கிராபிக்ஸ் எஞ்சின் என்பர்; வரைகலைப் பொறி என்று நாம் கூறலாம்.

அப்பொறி செய்யும் பணி யாது? விளையாட்டில் தோன்றும் மலை, மனை, மாந்தர் முதலிய உருவங்கள் எண்ணற்ற சிறு முக்கோணங்களால் ஆனவை. பொறி அம்முக்கோணங்களைத் திரையில் உரிய இடத்தில் அமைக்கின்றது; அவற்றின்மேல் வண்ணமும் வரியும் கொண்ட படங்களைத் தோல்போற் போர்த்துகின்றது; பின்னர் ஒளி விழும் பக்கத்தையும் நிழல் படியும் பக்கத்தையும் கணக்கிடுகின்றது. இவ்வளவும் ஒரு நொடிக்கு 60 முறை நிகழுமாயின், ஒரு படத்திற்குக் கிடைக்கும் காலம் ஒரு நொடியின் 60இல் ஒரு பங்கே. திரைப்படத்திற்குப் படம் வரையும் கணிப்பொறி ஒரே படத்திற்குப் பல மணி நேரமும் செலவிடலாம்; விளையாட்டுக்கு அவ்வசதி இல்லை. விளையாடுவோன் பொத்தானை அழுத்திய அக்கணமே திரை மாறுதல் வேண்டுமன்றோ!

இக்காலச் சுருக்கமே பொறிக்கு வாய்த்த கடிய பாறையாகும். அதனை வெல்லப் பல வழிகள் காணப்பட்டன. தொலைவிலுள்ள மரத்தைச் சில முக்கோணங்களாலும், அருகிலுள்ள மரத்தைப் பலவற்றாலும் வரைவது ஒரு வழி. அசையாத சுவரின்மீது படியும் ஒளியை முன்னரே கணக்கிட்டு வைத்துக்கொள்வது மற்றொன்று. இவற்றைத் திறம்படச் செய்யாத பொறியில் காட்சி தடுமாறும். கை ஏவியதைத் திரை காலந்தாழ்த்திச் செய்யும். அத்தகைய விளையாட்டு, படம் எத்துணை அழகியதாயினும், சுவை குன்றிவிடும்.

அவ்வாறாயின் சிறந்த பொறி கிடைத்தால் சிறந்த விளையாட்டுத் தானே பிறக்குமோ? பிறவாது. 1998ஆம் ஆண்டில் அன்ரியல் என்னும் பொறியும், 2005ஆம் ஆண்டில் யூனிட்டி என்னும் பொறியும் வெளிவந்தன. இவற்றை உலகெங்கும் பலர் கையாள்கின்றனர். பொறி தந்த ஒளியையும் வண்ணத்தையும் மாற்றாது அப்படியே ஏற்போரின் ஆக்கங்கள் ஒன்றுபோல் மற்றொன்று தோன்றும். தமக்கென ஒரு நோக்குடையோர் கையிலோ அதே பொறி புதுமை பெறுகின்றது.

புனே நகரத்தில் ஒரு சிறு குழுவினர் அன்ரியல் பொறியைக் கொண்டு ‘ராஜி’ என்னும் விளையாட்டை ஆக்கி 2020இல் வெளியிட்டனர். இராசத்தான் அரண்மனைகளின் சாயலும், பகாடி ஓவியமரபின் சாயலும் அதில் விளங்குகின்றன. கனடாவிலுள்ள டொராண்டோ நகரத்தில் உருவாகி 2023இல் வெளிவந்த ‘வெண்பா’ என்னும் விளையாட்டோ யூனிட்டி பொறியால் அமைந்தது. 1980களில் கனடாவிற் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தாயின் பழைய சமையற் குறிப்பேட்டில் அழிந்துபோன இடங்களை ஊகித்து இட்டலி முதலியன சமைப்பதே அதன் விளையாட்டு. மெய்போன்ற ஒளிநிழலை நாடாது, தட்டையான வண்ணச் சித்திரங்களையே அதன் ஆசிரியர் மேற்கொண்டனர். பொறியின் பேராற்றல் முழுவதையும் அவர்கள் பயன்படுத்த முயலவில்லை. கதைக்கு வேண்டியதை மட்டும் கொண்டனர். எனினும், 2024இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகமாகிய பாஃப்டா, முதல் முயற்சிக்குரிய விருதினை அதற்கு வழங்கியது.

பொறி எல்லையை வகுக்கும். அவ்வெல்லைக்குள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதை மனிதனே வகுத்தல் வேண்டும். மகேந்திரவர்மன் நான்கு பொருள்களைத் தள்ளியமையால் கோயில் சிறுமையுறவில்லை. அதுவே அதன் தனிச்சிறப்பாயிற்று. நாளை பொறியைக் கையாளப் புகும் மாணவர், அதன் ஆற்றலைக் கற்பதோடு, தம் மண்ணின் கதையையும் கலையையும் கற்றல் வேண்டும். பொறியைப் பிறரிடம் பெறலாம். சொல்லவேண்டிய பொருளை அவ்வாறு பெறுதல் இயலாது.