பெயர் சொல்லாத அறிவிப்பு

கொரோனா நோய் தமிழ்நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2020-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள். ஓமன் நாட்டிலிருந்து திரும்பிய நம் காஞ்சிபுரத்தவர் ஒருவருக்கே அது வந்திருந்தது. சுகாதாரத்துறை அவருடைய ஊரையும் பயணத்தையும் கூறிற்று, பெயரைக் கூறவில்லை. அவரும் நலம் பெற்று வீடு திரும்பினார்.

பெயரை மறைப்பது பொதுமக்களை ஏமாற்றுவது ஆகாதா என்று மாணவியர் கேட்கலாம். நோய் எவ்வழி வந்தது, நாம் என்ன செய்யவேண்டும் என்பவை நமக்குத் தேவை. பெயரோ அக்குடும்பத்தை ஒதுக்குவதற்கே பயன்படும். தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஊர் நம்முடையது. பாவு பிணைப்பவரும் ஜரிகை கொண்டு வருபவரும் நுழைந்து போகும் வீட்டை 'நோய் வீடு' என்று தெரு சொல்லிவிட்டால், அந்தத் தறி எத்தனை நாள் ஓடாமல் நிற்கும்!

இதனினும் கடிய சோதனை அம்மாத இறுதியில் வந்தது. டெல்லி நிஜாமுதீனில் நடந்த சமய மாநாட்டுக்குச் சென்று வந்தவர்கள் பலருக்கு நோய் இருந்தது. தொடக்கத்தில் அதிகாரிகள் மாநாட்டைச் சுட்டியே கணக்குச் சொன்னார்கள். இஸ்லாமியர் மீது பழிச்சொல் பரவிற்று. நோய்க்கு மதச்சாயம் பூசவேண்டாமென முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கேட்டுக்கொண்டார். அறிக்கைகளில் 'சிங்கிள் சோர்ஸ்', அதாவது ஒரே இடத்துத் தொடர்பு, என்ற சொல் வந்தது. எண்ணிக்கை மறைக்கப்படவில்லை, சொல் மட்டுமே மாறிற்று. நல்ல மாற்றந்தான், ஆனால் அது எதைக் குறிக்கிறதென்று அதற்குள் ஊரறிந்துவிட்டது. முதலில் விழுந்த சொல்லைப் பின்னர் பெயர்த்தெடுப்பது எளிதன்று. இதனாலேயே நோய்ப் பெயர்களில் ஊரோ இனமோ விலங்கோ இடம்பெறலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே அறிவுறுத்தியிருந்தது. 'கோவிட்-19' என்ற பெயர் அவ்வாறு அமைந்ததே.

எனினும் அடக்கமாகப் பேசுவது வேறு, பேசாதிருப்பது வேறு. அவ்வாண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் சென்னையில் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் இந்நோயால் இறந்தார். முறைப்படி புதைத்த உடலால் நோய் பரவாது என்ற செய்தி தெருக்களுக்குப் போதிய அளவு சென்று சேர்ந்திருக்கவில்லை. அஞ்சிய கூட்டம் அடக்கத்தைத் தடுத்து ஆம்புலன்ஸைத் தாக்கிற்று. இறுதியில் உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரே நள்ளிரவில் வேலங்காட்டில் மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். அவ்வுடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைக்கு மாற்றலாம் என்று உயர்நீதிமன்றம் ஆணையிட்டது 2021-இல்.