ஊர்தியின் உள்மொழி

நுழையும்முன்
இன்றைய மகிழுந்துக்குள் பல சிறு கணினிகள் தமக்குள் ஓயாது செய்தி பரிமாறிக்கொள்கின்றன. அச்செய்திகளைப் படிக்கவும் எழுதவும் வல்ல புறக்கருவியால் ஓட்டுநரின் பணியில் ஒரு பகுதியை மேற்கொள்ள இயலும். அந்த ஆற்றலையும் அதனுடன் வரும் பொறுப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இரு கம்பிகளில் ஒரு வலையமைப்பு
மகிழுந்தில் மின்னணுக் கருவிகள் பெருகப் பெருக, அவற்றை இணைக்கும் கம்பிகளின் எடையும் சிக்கலும் பெருகின. இதற்குத் தீர்வாக, ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986ஆம் ஆண்டு ‘கேன்’ என்னும் தகவல்தொடர்பு முறையை வெளியிட்டது. ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட இரண்டு கம்பிகளே இதன் அடிப்படை. இயந்திரம், பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றின் கணினிகள் இக்கம்பிகளின் வழியே உரையாடுகின்றன.

ஒரு கணினி அனுப்பும் செய்தியை அக்கம்பிகளில் இணைந்த மற்ற கணினிகள் அனைத்தும் கேட்கும். தனக்கு வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றும் ஏற்கும். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அடையாள எண் உண்டு. இரு செய்திகள் ஒரே நேரத்தில் புறப்பட்டால், சிறிய எண்ணுடையது முந்தும், மற்றது காத்திருக்கும். ஆயினும், செய்தியை அனுப்பியது யார் என்பதை உறுதிசெய்யும் வழி இம்முறையில் இல்லை. வெளியார் நுழையமாட்டார் என்னும் நம்பிக்கையில் அமைந்த வீட்டைப் போன்றது இது.

அந்நம்பிக்கை 2015இல் சோதனைக்கு உள்ளானது. அமெரிக்க ஆய்வாளர்களான சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக் இருவரும், ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி ஊர்தியின் இணைய இணைப்பு வழியே தொலைவிலிருந்து நுழைந்து அதன் இயக்கத்தைத் தடுத்துக் காட்டினர். அதன்பின் ஏறத்தாழ 14 இலட்சம் ஊர்திகளைத் திருத்தத்திற்காக நிறுவனம் திரும்ப அழைத்தது.

புறக்கருவியின் வருகை
இதே உள்மொழியை ஆக்கத்திற்கும் பயன்படுத்தலாம். தடம் விலகாமல் காக்கும் வசதியுள்ள மகிழுந்தில், முன்கண்ணாடி அருகிலுள்ள கேமரா சாலைக்கோடுகளைக் கண்டறியும். ஸ்டியரிங்கைத் திருப்பும் மின்னோடிக்குக் கட்டளை செல்லும். 2015இல் ஜார்ஜ் ஹாட்ஸ் நிறுவிய ‘காமா ஏஐ’ நிறுவனம், அக்கட்டளையின் இடத்தில் தன் கருவியின் கட்டளையை அனுப்பும் வழியைக் கண்டது. கருவி தன் கேமராவால் சாலையைப் பார்க்கும்; செயற்கை நுண்ணறிவால் பாதையைக் கணிக்கும்; ஊர்தியில் முன்பே உள்ள மின்னோடியை இயக்கும். மின்கட்டளையை ஏற்கும் ஸ்டியரிங் இல்லாத ஊர்தியில் இக்கருவியால் பயனில்லை.

பொறுப்பு யாருடையது?
2016 அக்டோபரில், அமெரிக்க தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் இக்கருவியின் பாதுகாப்புக் குறித்து விளக்கம் கேட்டு மடல் அனுப்பியது. நிறுவனம் விற்பனைத் திட்டத்தைக் கைவிட்டது. ஆனால், அடுத்த மாதமே ‘ஓப்பன்பைலட்’ என்னும் அதன் மென்பொருளைத் திறந்தமூலமாக வெளியிட்டது.

திறந்தமூல மென்பொருளின் பிழைகளை எவரும் ஆராய்ந்து சுட்டலாம். அதன் பாதுகாப்பு வரம்புகளை எவரும் நீக்கியும் விடலாம். ஓட்டுநர் பிரேக்கை மிதித்தால் கட்டுப்பாடு உடனே அவரிடம் திரும்புவதும், அவர் கவனம் சிதறினால் கருவி எச்சரிப்பதும் அத்தகைய வரம்புகளே. அவற்றை ஒருவர் தம் விருப்பத்திற்கு மாற்றும்போது, அதனால் விளையும் ஆபத்து அவருடன் நின்றுவிடுவதில்லை. எதிரே வருபவரும் சாலையைக் கடக்கும் சிறுவரும் அதில் பங்குபெறுகின்றனர். அவர்களது ஒப்புதலை எவரும் கேட்பதில்லை. தம் ஊர்தியைத் திறந்து பார்த்து அறிந்துகொள்வது உரிமையாளருக்கு உரியது. சாலையோ அனைவருக்கும் உரியது. இவ்விரண்டையும் ஒருங்கே மதிக்கும் சட்டமும் பொறியியலும் இன்றைய தேவையாகும்.

தெரிந்து தெளிவோம்
ஊர்திகளின் தானியங்கு திறன் 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளது. இரண்டாம் நிலையில் ஊர்தி, ஸ்டியரிங்கையும் வேகத்தையும் ஒருங்கே கையாளும். எனினும் ஓட்டுநர் சாலையை இடைவிடாது கவனிக்க வேண்டும். ஓப்பன்பைலட் இந்நிலையைச் சார்ந்தது.

கற்பவை கற்றபின்
1. ‘ஊர்தியின் மென்பொருளை மாற்றியமைக்கும் உரிமை உரிமையாளருக்கு வேண்டும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
2. கேன் முறையில் இரு செய்திகள் ஒரே நேரத்தில் புறப்பட்டால் நிகழ்வதை விளக்குக.