மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்களின் சுகர் மாத்திரை: மருந்தாளுநரிடம் எப்படிக் கேட்பது?

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. சுண்ணாம்புக்குளம் போன்ற பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் மாத்திரைக்காக ஒரு நாள் தொழில் கெடுவதில்லை என்பது பெரிய உதவி. அதனாலேயே சிலர் சுகாதார நிலைய மருந்தாளுநரைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். மாதம் ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள். காலை ஓ.பி. நெரிசலில் நின்று கேட்டால் பதில் அரைகுறையாகத்தான் கிடைக்கும். கூட்டம் கலைந்த பிறகு போங்கள்.

போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். அரசு கொடுத்தது, பொன்னேரிக் கடையில் வாங்கியது, நாட்டு மருந்து, எதையும் ஒளிக்க வேண்டாம். அட்டையில் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து விழுங்குபவர்கள் உண்டு. கடையில் அட்டையை வெட்டித் தந்தால், மருந்தின் பெயரைக் கவரில் எழுதி வாங்குங்கள்.

அடுத்ததில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சீட்டில் ‘காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன்’ என்று இருக்கும். விடியுமுன் வலையோடு கிளம்பி, வெயில் ஏறிய பிறகு முதல் சோற்றைப் பார்க்கிறவருக்குக் காலை எது? மருந்தாளுநர் கேட்கக் காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், படகில் என்ன சாப்பிடுகிறீர்கள், பாடு கிடைக்கும் நாளில் எப்போது கரை சேருகிறீர்கள். மீன் கூடையோடு கிளம்பும் பெண்களும் இதையே சொல்ல வேண்டும்.

கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகளைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வலை இழுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் வரும். அதை அலுப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவது ஆபத்து. பையிலிருக்கும் மாத்திரைகளில் எது இந்த வகை என்று கேட்டு, அந்த அட்டையில் பேனாவால் குறி போட்டுத் தரச் சொல்லுங்கள். சாப்பாடு இல்லாமல் அதைப் போடக் கூடாது. விட்டுப்போன வேளைக்குச் சேர்த்து இரண்டாகவும் போடக் கூடாது. நேரத்தையோ அளவையோ மாற்ற வேண்டுமென்றால் மருந்தாளுநர் டாக்டரிடம் சொல்லி மாற்றித் தருவார். நீங்களாக மாற்றாதீர்கள்.

படகில் இறுக மூடிய டப்பாவில் சர்க்கரை கட்டாயம். நடுக்கம் வந்தால் மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் பாருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் வயிற்றுக்கு ஏதாவது சாப்பிடுங்கள். பிஸ்கட் வேகமாக வேலை செய்யாது. கூட வருகிறவருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே கரைக்குத் திருப்பி 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இன்சுலின் போடுபவர்கள் குப்பியையும் ஊசியையும் ஒன்றாகக் காட்டுங்கள். குப்பியில் 40 என்று இருந்தால் ஊசியிலும் 40 இருக்க வேண்டும். 100 என்றால் 100. எப்படி இழுக்கிறீர்கள் என்று அவர் முன்னால் ஒருமுறை செய்து காட்டுவது நல்லது. சாப்பாடு தள்ளிப்போகும் நாளில் எவ்வளவு போடுவது என்பதையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

ஃபிரிட்ஜ் இல்லையென்று மீன் ஐஸ் பெட்டியில் மட்டும் இன்சுலினை வைக்காதீர்கள். ஐஸில் பட்டு உறைந்த இன்சுலின், இளகிய பிறகும் உதவாது. பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, குப்பியை டப்பாவில் மூடி அதனுள் நிழலில் வையுங்கள். திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதுங்கள். நான்கு வாரம் தாண்டினால், மிச்சம் இருந்தாலும் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்.