உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு தச்சுப் பட்டறை

மீளக்குடியமர்ந்த எமது கிராமங்களில் வீடு ஒரே மூச்சில் முடிவதில்லை. ஒரு வருடம் அத்திவாரம், மறு வருடம் சுவர், அதற்கடுத்த போகத்தில் நெல் விற்ற காசில் ஒரு கதவு என்று அது மெல்ல வளர்கிறது. 2012 ஒக்ரோபரில், பயனாளிகளே கட்டும் முறையில் இந்திய வீடமைப்புத் திட்டம் வடக்கு கிழக்கில் ஆரம்பமானபோது, புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. அதில் சுவரும் கூரையும் எழும்பிய பல வீடுகளில் உள்கதவு, யன்னல், அடுக்களைத் தட்டு முதலியன "பிறகு பார்ப்போம்" என்று விடப்பட்டன. பிறகு கட்டிய வீடுகளிலும் இதே கதைதான். ஆகவே தச்சு வேலைக்கு எமது கிராமங்களில் குறைவில்லை.

குறைவாக இருப்பது கருவியும் அதைக் கொண்டு செல்லும் வழியுமே. மரத்தை நகரத்துப் பட்டறைக்கு ஏற்றிச் சென்று, வேலை முடிந்தபின் திரும்ப ஏற்றி வந்தால் கூலியின் பெரும்பகுதி பாதையிலேயே போய்விடும். அங்கே அளந்து செய்த கதவு இங்கே நிலையில் பொருந்தாவிட்டால் இன்னொரு பயணம். மரம் கருவியைத் தேடிப் போவதைவிடக் கருவி மரத்தைத் தேடி வருவதே சிக்கனம். எம்மிடம் "லாண்ட்மாஸ்டர்" என்று அழைக்கப்படும் இரு சக்கர உழவு இயந்திரம் இருக்கிறது. அதன் பின்னால் பெட்டியும் இருக்கிறது. இவற்றைக் கொண்டு நடமாடும் தச்சுப் பட்டறை ஒன்றை அமைக்கும் விதத்தை இக்கட்டுரையில் படிப்போம்.

பெட்டி வேறு, பெட்டகம் வேறு

முதலில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். உழவு இயந்திரப் பெட்டியை நிரந்தரமாகப் பட்டறையாக மாற்றக்கூடாது. மாசி, பங்குனியில் காலபோக நெல் மூட்டைகளை ஏற்ற அது வேண்டும். விதை, பசளை, விறகு, தண்ணீர்ப் பீப்பா எல்லாம் அதில்தான் போகின்றன. எனவே கருவிகளை மரப் பெட்டகம் ஒன்றில் அடக்கி, அந்தப் பெட்டகத்தைப் பெட்டிக்குள் ஏற்றவும் இறக்கவும் கூடியதாகச் செய்வோம்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களுக்கும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள்ளேயே இடம் விட்டு இடம் நகர்ந்தவர்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. வீடெங்கும் சிதறிக் கிடக்கும் கருவியை அவசரத்தில் எவராலும் பொறுக்க முடியாது. ஒரே பெட்டகத்தில் இருந்தால் நாலு பேர் தூக்கி ஏற்றலாம். வெள்ளம் வரும்போதும் இதே வசதி கைகொடுக்கும். நிலத்தை எடுத்துச் செல்ல முடியாது. தொழிலை எடுத்துச் செல்லலாம்.

பெட்டகம் செய்யும் விதம்

உதாரணத்துக்கு நாலடி அகலமான பெட்டி ஒன்றை எடுத்துக் கொள்வோம். உங்கள் பெட்டியை அளந்து அதற்கேற்ப மாற்றிக் கொள்ளுங்கள். பெட்டகத்தின் நீளம் 3½ அடி, அகலம் 2 அடி, உயரம் 1½ அடி. 26 அங்குலக் கைவாள் பிடியோடு இதற்குள் அடங்கும். இரண்டடி நீர்மட்டமும் அடங்கும்.

மூடி, அடி, முன், பின் ஆகிய நாலு பலகைகளையும் எட்டடிக்கு நாலடி ஒட்டுப்பலகை ஒன்றிலிருந்தே வெட்டலாம். 12 மில்லிமீற்றர் தடிப்புப் போதும். முழுப் பலகையின் பாரம் ஏறக்குறைய 20 கிலோ. இரு ஓரங்களுக்கும் ஒட்டுப்பலகை வேண்டாம். கைப்பிடிகள் அங்கேதான் வருகின்றன. முழுப் பாரத்தையும் தாங்குவது அந்த இரண்டு பலகைகளே. அவற்றுக்கு ஒரு அங்குலத் தடிப்பான வேம்பு நல்லது. வேம்பில் பூச்சி எளிதில் ஏறாது. மூலைகளின் உட்புறம் ஒன்றரை அங்குலச் சட்டம் வைத்துத் திருகாணியால் இறுக்குங்கள். வெறும் ஆணி, பாதைக் குலுக்கலில் நாளடைவில் கழன்று விடும். கைப்பிடிக்குக் கயிறே போதும். பலகையில் இரண்டு துளையிட்டு, தடித்த கயிற்றைக் கோத்து உட்புறம் முடிச்சிடுங்கள். அடியில் இரண்டு அங்குல உயரமான இரண்டு கட்டைகளைப் பொருத்தினால், பெட்டிக்குள் தேங்கும் மழைத் தண்ணீர் பெட்டகத்தைத் தொடாது.

மூடிக்கு மூன்று பிணைச்சல், இரண்டு கொளுக்கி, ஒரு ஆமைப்பூட்டு. மூடி, பெட்டகத்தின் வாயைவிட எல்லாப் பக்கமும் அரை அங்குலம் நீண்டிருக்கட்டும். அதற்கு ஒட்டுப்பலகையை வெட்டும்போதே மூடியை ஒரு அங்குலம் நீளமாக வெட்டி, அகலத்துக்கு ஓரச் சட்டம் சேர்த்துக் கொள்ளலாம். மூடி பொருந்தும் விளிம்பில் பழைய ரியூப் கீலத்தை ஒட்டினால் தூசியும் சாரலும் உள்ளே போகா.

ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இடம்

கருவி தொலைவது பெரும்பாலும் களவினால் அல்ல, மறதியினால். மாலையில் இருட்டும்போது அவசரமாக அள்ளிப் போட்டால், வீட்டுக்கு வந்த பின்னரே உளி ஒன்று குறைவது தெரியும். இதைத் தடுக்கச் சுலபமான வழி உண்டு. ஒவ்வொரு கருவியையும் அதன் இடத்தில் வைத்துச் சுற்றிவரப் பென்சிலால் கோடிட்டு, உட்புறத்துக்கு வெள்ளை மை பூசுங்கள். கருவி இல்லாத இடம் வெள்ளையாகத் தெரியும். சின்னப் பிள்ளைகூட ஒரு பார்வையில் கண்டுபிடிக்கும்.

மூடியின் உட்புறம்: கைவாள் இரண்டு, மூலைமட்டம், நீர்மட்டம். இவை தட்டையானவை. மரக் கட்டையால் தாங்கி, திருகும் துண்டுப் பலகையால் பூட்டுங்கள்.

மேல் தட்டு (தூக்கி எடுக்கக் கூடியது): கால், அரை, முக்கால், ஒரு அங்குல உளிகள், அளவு நாடா, பென்சில், தூக்குக் குண்டு, திருப்புளிகள், அரம், சாணைக்கல்.

அடித்தளம்: சீவுளிகள், சுத்தியல், கொட்டாப்புளி, குறடு, கைத்துறப்பணம், இறுக்கிகள். ஆணி, திருகாணிகளை மூடியுள்ள சிறு வாளிகளில் அளவு வாரியாகப் பிரித்து வையுங்கள்.

கூர்மையான விளிம்புகள் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. உளி வாய்க்குச் சைக்கிள் ரியூப் துண்டு உறையாகும். வாளின் பல்லுக்குக் கருக்குச் சீவிய காய்ந்த பனை மட்டையை நீளவாக்கில் கீறி மாட்டலாம். சீவுளியை வாய்ப்புறம் கீழே வைக்க வேண்டுமானால் அதன் முன்பகுதிக்கு மெல்லிய கட்டையொன்றை வைத்துச் சற்று உயர்த்துங்கள்.

மின் கருவிகள் வைத்திருப்போர் அவற்றுக்குத் தனியாக ஒரு சிறு பெட்டி செய்வது நல்லது. மின்சாரம் இல்லாத வீட்டுக்கு மின்பிறப்பாக்கி கொண்டு போனால், அதை அறைக்குள்ளோ விறாந்தைக்குள்ளோ இயக்கக் கூடாது. அதன் புகையில் உள்ள வாயு நிறமும் மணமும் அற்றது. ஆளை மயக்கிக் கொல்லும்.

பாரத்தை வைக்கும் இடம்

பெட்டகத்தைப் பெட்டியின் குறுக்காக, அச்சுக்கு நேர் மேலே அல்லது அதற்குச் சற்று முன்னால் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் பெட்டியின் இழுவைத் தண்டு மேலெழும். அப்போது இயந்திரத்தின் சில்லுகளுக்கு நிலத்தில் பிடி குறையும், திருப்புவது கடினமாகும். இதைச் சோதிக்க, இயந்திரத்தைக் கழற்றிவிட்டு இழுவைத் தண்டைக் கையால் தூக்கிப் பாருங்கள். பாரமாக இருக்க வேண்டும். ஆனால் ஒருவரால் தூக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். தானாக மேலெழுந்தால் பாரம் பின்னால் இருக்கிறது.

பெட்டகத்தின் அடிக்கட்டைகளை நாலு அரை அங்குலப் போல்ட்டுகளால் பெட்டியின் தளத்தோடு பொருத்துங்கள். தளத்தின் கீழ்ப்புறம் அகலமான வாசர் போடுங்கள். ஒவ்வொரு போல்ட்டிலும் இரண்டு நட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறுக்கினால் குலுக்கலில் தளராது. அறுவடைக் காலத்தில் நாலு போல்ட்டைக் கழற்றினால் பெட்டி மீண்டும் நெல்லுக்குத் தயார்.

பின்கதவே வேலை மேசை

பெட்டியின் பின்கதவைக் கிடையாக நிறுத்தி, அதன்மேல் இரண்டு அங்குலத் தடிப்பான பலகை ஒன்றைப் பொருத்தினால் மேசை கிடைக்கும். சீவுவதற்கேற்ற உயரத்தை அறிய, நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு நிற்கும் உயரமே உங்கள் மேசையின் உயரம். பெட்டி தாழ்வாக இருந்தால் பலகையின் கீழ் சட்டம் வைத்து உயர்த்தலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். இரு சில்லுப் பெட்டி தராசைப் போன்றது. பின்கதவில் பாரம் ஏறினால் முன்பக்கம் கிளம்பும். எனவே வேலை தொடங்குமுன் பின்கதவின் கீழ் இரண்டு கால்களும் இழுவைத் தண்டின் கீழ் ஒரு காலும் கொடுத்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். மணல் நிலத்தில் கால்களின் கீழ் பலகைத் துண்டு வையுங்கள்.

மழையும் கறளும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கருவிகளைக் கெடுப்பது கறள். பெட்டகத்தின் மேல் தறப்பாள் போடுவது அவசியம். ஆனால் வீட்டில் இருக்கும் நாட்களில் மூடியைச் சற்று நேரம் திறந்து காற்றாட விடுங்கள். ஈரத்தோடு மூடி வைப்பதே கறளுக்கு முதற் காரணம். வேலை முடிந்ததும் மரத்தூளைத் துடைத்து, மெசின் எண்ணெய் தோய்த்த துணியால் இரும்பை ஒருமுறை தடவுங்கள். தேங்காய் எண்ணெய் காலம் போகப் பிசினாகும். பெட்டகத்தை மண் தரையில் நேரடியாக வைத்தால் கறையான் ஏறும், கல்லின்மேல் வையுங்கள்.

வேலைக்குப் போகும் இடத்தில்

எமது பகுதிகளில் மூன்று விடயங்கள் விசேட கவனத்துக்குரியவை.

1. மரத்துள் இருக்கும் இரும்பு. போர் நடந்த இடங்களில் வளர்ந்த பனை, தென்னை, பாலை மரங்களில் எறிகணைச் சிதறல்கள் புதைந்திருக்கக்கூடும். வாளின் பல் போவது மட்டுமல்ல, மின்வாளில் பட்டால் துண்டு தெறித்துக் கண்ணும் போகும். அறுக்குமுன் பட்டையையும் தழும்புகளையும் நன்றாகப் பாருங்கள். பழைய ஒலிபெருக்கியின் காந்தம் ஒன்றைப் பெட்டகத்தில் வைத்திருந்து மரத்தின்மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மேற்புறத்துக்கு அண்மையில் உள்ள இரும்பை அது காட்டிவிடும். பாழடைந்த வளவில் இனந்தெரியாத பொருள் எதையும் கண்டால் தொடாமல் விலகி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

2. அஸ்பெஸ்ரஸ் கூரைத் தகடு. உடைந்த வீடுகளைத் திருத்தும்போது இது அடிக்கடி வரும். இதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல வருடங்களின் பின் நோயாக வெளிப்படும். மின்வாளால் வெட்ட வேண்டாம். தண்ணீரால் நனைத்து, கைவாளால் மெதுவாக வெட்டுங்கள். துண்டுகளை நொருக்கவோ எரிக்கவோ கூடாது. பிள்ளைகளை அப்பால் அனுப்புங்கள்.

3. மர அனுமதி. 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்ட முடியாது. சொந்த வளவில் நின்றாலும் இதுவே சட்டம். பெட்டியில் மரம் ஏற்றுமுன் அதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டுமா என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள். கருவிகளோடு பெட்டியும் தடுக்கப்பட்டால் நட்டம் பெரிது.

பாதையில்

பெட்டியின் பின்புறம் இரு மூலைகளிலும் சிவப்பு ஒளித்தெறிப்பான் பொருத்துங்கள். ஏ-9 போன்ற பெருவீதிகளில் இருட்டிய பின் மெதுவாகச் செல்லும் பெட்டி, வேகமாக வரும் வாகனத்துக்குக் கடைசி நிமிடம் வரை தெரியாது. கூடியவரை பொழுது சாயுமுன் வீடு திரும்புங்கள்.

குளக்கட்டிலிருந்து இறங்கும்போது பெட்டி இயந்திரத்தைத் தள்ளும். அப்போது இடக்கைப் பக்கத் திருப்பற் கிளச்சைப் பிடித்தால் இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். புதிதாக ஓட்டுவோருக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது எமது கடமை. இறக்கத்தில் தாழ்ந்த கியரில், கிளச்சைத் தொடாமல், கைப்பிடியாலேயே திருப்ப வேண்டும்.

கூட்டாக வைத்திருத்தல்

எல்லாக் கருவிகளையும் ஒரு குடும்பம் வாங்குவது சிரமம். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால் பாரம் குறையும். அதற்கு மூன்று ஒழுங்குகள் போதும். பெட்டகத்துக்குள் ஒரு கொப்பி இருக்கட்டும். யார், என்று, எங்கே கொண்டு சென்றார், என்ன திரும்பியது என்று அதில் எழுத வேண்டும். ஒவ்வொரு வேலையின் கூலியிலும் சிறு பங்கைத் தேய்மானத்துக்கென ஒதுக்க வேண்டும். கூர் மழுங்கிய கருவியைத் தீட்டாமல் எவரும் திருப்பி வைக்கக் கூடாது. திறப்பை ஒருவரிடம் கொடுங்கள். அவர் குடும்பத் தலைவியாக இருப்பது இன்னும் நல்லது. தச்சு பழக விரும்பும் பெண் பிள்ளைகளுக்கும் இடம் கொடுங்கள். கதவு செய்த கை ஆணினதா பெண்ணினதா என்று எவரும் கேட்கப் போவதில்லை.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் கதவு, யன்னல் முடியாத வீடுகள் எத்தனை? எண்ணிப் பட்டியல் இடுவோம்.

2. எம்மிடையே தச்சு தெரிந்தவர்கள் யார்? அவர்களிடம் பழகக்கூடிய இளைஞர்கள் யார்?

3. வீடுகளில் தனித்தனியே கிடக்கும் கருவிகளை ஒன்றுசேர்த்தால், பெட்டகத்தில் எத்தனை வெள்ளை இடங்கள் மிஞ்சும்? அவற்றில் முதலில் நிரப்ப வேண்டியது எது?