மீட்புக் கருவிக்கு விளக்கக் குறிப்பு எழுதுதல்

செயற்கை நுண்ணறிவு முகவர் என்பது, இட்ட பணிக்கு வேண்டிய கருவிகளைத் தானே தேர்ந்து இயக்கும் கணினி நிரலாகும். பணிக்குரிய செய்திகளை ஆவணத் தொகுப்புகளிலிருந்து எடுத்துத் தருவன மீட்புக் கருவிகள். எக்கருவியை எப்பொழுது நாடுவது என்பதை முகவர் பெரும்பாலும் அதன் விளக்கக் குறிப்பைக் கொண்டே முடிவு செய்கிறது. எனவே, குறிப்பிலுள்ள குறை விடையிலும் குறையாகிறது.

திருவனந்தபுரம் மாவட்டத்து வித்துராவை அடுத்த மலைகளில் வாழும் காணி மக்களின் மருத்துவ அறிவு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 1987-இல் அகத்தியமலையில் ஆய்வு நடத்திய அறிவியலாளர், வழிகாட்டிகளான காணிகள் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியின் காய்களைத் தின்று களைப்பின்றி நடந்ததைக் கண்டனர். அதனைக் கொண்டு, பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கிற்று. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கென ஒதுக்கப்பட்டது. 1997-இல் அவர்களுக்கென அறக்கட்டளையும் அமைந்தது.

இவ்வறிவு வாய்வழி வந்தது. 2001-இல் தொடங்கப்பெற்ற இந்திய மரபறிவு எண்ணியல் நூலகமோ சித்தம், ஆயுர்வேதம், யுனானி முதலியவற்றின் நூல்களிலிருந்து தொகுக்கப்பட்டது. இத்தகைய தொகுப்பைத் தேடும் கருவிக்கு ‘மரபு மருத்துவச் செய்திகளைத் தரும்’ என்று மட்டும் குறிப்பு எழுதினால், விடை கிடைக்காதபோது அப்படியோர் அறிவே இல்லையென முகவர் முடிவு கட்டக்கூடும். அம்முடிவை ஓர் அலுவலர் ஏற்பின், உரியவரின் உரிமை மறைந்துபோகும்.

ஆகவே, குறிப்பில் ஐந்து செய்திகள் இடம்பெறல் வேண்டும்: தொகுப்பில் உள்ளவையும் இல்லாதவையும், வினவும் முறை, விடையின் வடிவம், விடை கிடையாமைக்குப் பொருள், அறிவுக்கு உரியவரும் அவரது ஒப்புதலின் வரம்பும். இவற்றுள் முதலாவதையும் நான்காவதையும் எழுத, நிரல் வல்லுநருடன் துறை அறிந்தோரும் அமர்தல் இன்றியமையாதது.