கெல்ஸ் நகரும் அதன் பெயர் பூண்ட நூலும்

நூலொன்றால் ஊரொன்று பெயர் விளங்குதல் அரிது. அயர்லாந்தில், மீத் கோட்டத்தில், பிளாக்வாட்டர் ஆற்றுக்கு அணித்தாய் உள்ள கெல்ஸ் என்னும் சிறு நகர் அத்தகையது. 2016ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் 6,135 பேரே. எனினும் 'கெல்ஸ் நூல்' எனின் மேனாட்டுக் கற்றோர் பலரும் அறிவர். அந்நூலோ அவ்வூரில் இல்லை. தன்னிடத்து இல்லாத பொருளால் புகழ்பெற்ற ஓர் ஊரின் இயல்பு யாது? இதுவே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

ஸ்காத்லாந்தின் மேல்கரையை அடுத்த ஐயோனாத் தீவில் தூய கொலும்பா 563ஆம் ஆண்டில் ஒரு மடம் நிறுவினார். வைக்கிங்கர் என்னும் கடற்கொள்ளையர் 795இலும் 802இலும் அதனைத் தாக்கினர். 806இல் மடத்தாருள் 68 பேரைக் கொன்றனர். இவ்விடுக்கண் நிகழ்ந்த நாட்களிலேயே, 804இல், கெல்ஸ் அவர் வழியினர்க்கு உரிமையாயிற்று. அங்கே கட்டிய கோயில் 814இல் முற்றுப்பெற்றது. ஆகவே அவ்வூர் பிறந்தது அச்சத்தினின்று எனல் பிழையாகாது. புகலிடமும் பிற்காலத்தே பலமுறை கொள்ளையிடப்பட்டமை வேறு செய்தி.

கெல்ஸ் நூலாவது, நற்செய்தி நூல்கள் நான்கினையும் இலத்தீனில் கன்றுத்தோலின்மீது எழுதிய ஓவியச் சுவடி. ஏறத்தாழ 800ஆம் ஆண்டினது. எஞ்சியுள்ள ஏடுகள் 340. அஃது ஐயோனாவில் எழுதப்பட்டதா, கெல்ஸில் எழுதப்பட்டதா, ஆண்டுத் தொடங்கி ஈண்டு முடிக்கப்பட்டதா என்பதில் அறிஞர் ஒருப்படவில்லை. 1007ஆம் ஆண்டில் கள்வர் அதனைக் கோயிலினின்று இரவிற் கவர்ந்தனர். இரண்டு திங்களும் இருபது இரவுகளும் கழிந்தபின், பொன் உரிக்கப்பெற்று, புல்மண் மூடிக் கிடப்பக் கண்டெடுத்தனர் என்று அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு கூறும். கள்வர் வேண்டியது பொன்; எழுத்தை அவர் பொருட்படுத்திலர். நமக்கு அது நல்லூழே.

நூல் எங்கே எழுதப்பட்டதாயினும், அதற்கும் ஊருக்கும் உள்ள உறவுக்கு அந்நூலே சான்று பகரும். பதினொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் கெல்ஸ் மடத்தார் தம் நில உரிமை ஆவணங்களை அதன் வெற்றிடங்களில் ஐரிஷ் மொழியிற் பொறித்தனர். மறைநூலில் நிலப்பத்திரம் எழுதுவதா எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். அழியாது காக்கப்படும் ஏடு அஃதொன்றே என அவர் நம்பினர் போலும்! எமக்கோ, பொன்னிற ஓவியங்களினும் இவ்வரிகளே ஊரின் உயிரை மிகுதியும் காட்டுவனவாகத் தோன்றுகின்றன.

கிராம்வெல் படையினர் காலத்தே, 1650களில், நூல் காப்பின்பொருட்டு டப்ளினுக்கு அனுப்பப்பட்டது. பின்னர் அந்நகரின் திரித்துவக் கல்லூரியை அடைந்து இன்றளவும் ஆண்டே உளது. 1953இல் நான்கு பகுதிகளாகக் கட்டப்பட்டது. அதனைத் திரும்பத் தருக என்று ஊரார் கேட்டதுண்டு. அவ்வேட்கை இயல்பே. ஆனால் 2000ஆம் ஆண்டில் ஒரு பகுதியை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசென்றபோது வண்ணம் சிறிது சிதைந்தமையை நினைப்பார்க்கு, அதனை இடம் பெயர்த்தல் தகாதென்றே படும். ஊர்க் கோயிலில் அதன் படி ஒன்று உண்டு.

நூல் பெயர்ந்தது, கல் பெயரவில்லை. பண்டை மடத்தின் சுற்றுமதில் வளைந்த வழியே ஊர்த்தெருக்கள் இன்றும் வளைந்து செல்கின்றன. கோயில் முற்றத்தில் 26 மீட்டர் அளவு உயர்ந்த வட்டக்கோபுரம் முடியிழந்து நிற்கின்றது. அதனுள் 1076இல் முர்கத் என்னும் அரச மரபினன் கொல்லப்பட்டான். 1152இல் இவ்வூரிற் கூடிய திருச்சபைப் பேரவையே அயர்லாந்துக்கு நான்கு பேராயங்களை வகுத்தது.

கற்சிலுவைகளுள் சந்தைச் சிலுவை 1996இல் வண்டியொன்று மோதிச் சேதமுற்றது. பழைய நீதிமன்றத்தின் முன்னர் இப்போது அதனைக் காணலாம். முற்றத்தில் முடிக்கப்படாத சிலுவையொன்றும் உண்டு. அதில் ஆண்டவர் சிலுவையுற்ற காட்சி செதுக்கப்பட்டுள்ளது. ஏனைப் பகுதிகளிற் பல, உருவெழ வேண்டிய இடம் மட்டும் புடைத்து நிற்பப் பணி நின்றுவிட்டது. சிற்பி கல்லை எம்முறையில் அணுகினான் என்பதை முடிந்த சிலுவைகளினும் இதுவே தெளிவாகக் கற்பிக்கும். அவன் ஏன் உளியை வைத்தான் என்பதை அக்கல் சொல்லவில்லை.