மேட்டில் நின்ற வண்டி

கொடைக்கானலில் என் சித்தப்பா ஒரு பழைய கோல்ப் வண்டி வைத்திருக்கிறார். மைதானத்தில் உழைத்து ஓய்ந்தபின் ஏலத்துக்கு வந்த மின்சார வண்டி. ஒரு தங்கும் விடுதியின் வாயிலிலிருந்து மேட்டு அறைகள் வரை முதியவர்களையும் அவர்களுடைய பெட்டிகளையும் ஏற்றிச் செல்வது இப்போது அதன் வேலை. குடும்பத்தின் பிழைப்பும் அதுதான்.

சென்ற கோடை விடுமுறையில் நான் போனபோது வண்டி நோயில் கிடந்தது. காலையில் நன்றாகப் புறப்படும். இரண்டாம் நடையில் மேட்டின் பாதியில் முனகிக்கொண்டு நின்றுவிடும். பத்து நிமிடம் விட்டால் மறுபடி நகரும். பார்த்த கடைக்காரர் ஆறு பேட்டரிகளையும் மாற்றச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை சித்தியின் சங்கிலியை அடகு வைப்பதாக ஏற்பாடு. நான் போய் இறங்கியது வெள்ளிக்கிழமை.

இயற்பியல் படிக்கும் பிள்ளை வந்துவிட்டான் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. எனக்கும் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வண்டியின் அமைப்பு எளியது. இருக்கைக்கு அடியில் 6 வோல்ட்டு ஈய அமில பேட்டரிகள் ஆறு, தொடராக இணைக்கப்பட்டு 36 வோல்ட்டு தருகின்றன. சாவியைத் திருப்பி மிதியை அழுத்தினால், மிதியின் கீழுள்ள சிறு சுவிட்சு சாலினாய்டு என்னும் மின்காந்தச் சுவிட்சை இயக்கும். 'டக்' என்று ஓர் ஓசை கேட்கும். அதன்பின் பெரிய மின்னோட்டம் கண்ட்ரோலர் வழியாக மோட்டாருக்குப் போகும். அந்த 'டக்'கைக் காது கொடுத்துக் கேட்பதே முதல் சோதனை. ஓசை இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் மெல்லிய கம்பிகளின் பக்கம் இருக்கும்: சாவி, முன் பின் சுவிட்சு, மிதிச் சுவிட்சு, சாலினாய்டின் சுருள். ஓசை வந்தும் வண்டி அசையவில்லையென்றால், மிதியை அழுத்தியபடி சாலினாய்டின் இரண்டு தடித்த முனைகளுக்கிடையே அளக்க வேண்டும். ஏறத்தாழப் பூச்சியம் காட்டினால் அது நலம். முழு 36 வோல்ட்டும் அங்கேயே நின்றால் உள்ளே தொடுமுனைகள் கருகிவிட்டன. எங்கள் வண்டியில் ஓசையும் வந்தது, ஓட்டமும் இருந்தது, மேட்டில்தான் தகராறு.

இரவு முழுவதும் மின்னேற்றி, காலையில் மல்டிமீட்டரை வைத்தேன். மொத்தம் 37.9 வோல்ட்டு, ஒவ்வொரு பேட்டரியும் 6.3 வோல்ட்டு. முழு ஏற்றம் பெற்ற ஓர் அறைக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட்டு என்பது நாம் படித்த கணக்கு. ஒரு பேட்டரிக்கு மூன்று அறைகள். "பேட்டரிகளில் குறையே இல்லை, சித்தப்பா" என்று தீர்ப்புச் சொன்னேன். அன்று காலை இரண்டாம் நடையில் வண்டி அதே மேட்டில் நின்றது.

என் தவறு இதுதான். மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. மின்னோட்டம் இல்லாத இடத்தில், மின்தடை எவ்வளவு இருந்தாலும் அதில் விழும் மின்னழுத்தம் பூச்சியம்தான். பளு ஏறாதவரை இற்றுப்போன கயிறும் நல்ல கயிறுதானே! அளக்க வேண்டியது வண்டி மேடு ஏறும்போது.

ஆனால் இருக்கையைத் தூக்கி வைத்துவிட்டு எங்கே உட்காருவது? நீண்ட கம்பிகளின் முனையில் முதலைக் கவ்விகளைப் பொருத்தி, பேட்டரி முனைகளில் கவ்வவிட்டு, கம்பிகளை வெளியே இழுத்துக்கொண்டு இருக்கையை மூடினேன். சித்தப்பா ஓட்ட, நான் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். பேட்டரிக்கு ஒரு நடையாக ஆறு முறை மேடு ஏறினோம். விடுதிக் காவலர் என்னவென்று நினைத்தாரோ! ஐந்து பேட்டரிகள் 5.8 வோல்ட்டு காட்டின, நான்காவது 0.8 வோல்ட்டு. "நான்காவது செத்துவிட்டது" என்று இரண்டாம் தீர்ப்புச் சொன்னேன்.

சித்தப்பா இருக்கையைத் தூக்கினார். "டேய், மீட்டரை விடு. இங்க கைய வச்சுப் பாரு" என்றார். பேட்டரியின் உடல் குளிர்ந்திருந்தது. அதன் நேர்முனையில் கேபிளைப் பிடித்திருந்த லக்கின் அருகே விரலைக் கொண்டுபோக முடியவில்லை.

அப்போதுதான் புரிந்தது. நான் கவ்வியை மாட்டியது லக்கில். பேட்டரியின் ஈயக் கம்பத்தில் அல்ல. கவ்வியைக் கம்பத்தின் விளிம்புக்கு மாற்றி மறுபடி மேடு ஏறினோம். நான்காவது பேட்டரியும் 5.8 வோல்ட்டு! மீதி 5 வோல்ட்டு, கம்பத்துக்கும் லக்குக்கும் இடையே, ஒரு தாள் கனம்கூட இல்லாத இடத்தில் விழுந்துகொண்டிருந்தது.

மின்னோட்டத்தை அளக்க நண்பனிடம் கிளாம்பு மீட்டர் கேட்டேன். முதலில் கொடுத்த சாதாரண மீட்டர் பூச்சியமே காட்டியது. அது மாறுதிசை மின்னோட்டத்துக்கு மட்டும் உரியது. நேர்மின்னோட்டத்துக்கு உரியது கிடைத்தபின் மேட்டில் 80 ஆம்பியர் காட்டியது. ஓமின் விதிப்படி 5 வோல்ட்டை 80 ஆம்பியரால் வகுத்தால் 0.0625 ஓம். இத்தனை சிறிய தடையை மல்டிமீட்டரின் ஓம் அளவில் காண முடியாது. மீட்டரின் கம்பிகளுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. தொடர்ச்சி பார்க்கும் 'கீ' ஒலியும் 'இணைப்பு நன்று' என்றே சொல்லும். ஆனால் 5 வோல்ட்டும் 80 ஆம்பியரும் சேர்ந்தால் 400 வாட்டு வெப்பம். அரை இஸ்திரிப் பெட்டியின் சூடு ஒரு போல்ட்டின் தலையில்! சூடு ஏற ஏறத் தொடுகை மோசமாகி வண்டி நிற்கிறது; ஆறியதும் நகர்கிறது. பத்து நிமிட ஓய்வின் இரகசியம் அதுதான்.

இரண்டு முறை தவறிய பிறகு மூன்றாவதை உறுதி செய்யாமல் சொல்ல மனம் வரவில்லை. திரவமானி கொண்டு பதினெட்டு அறைகளிலும் 'கிராவிட்டி' பார்த்தேன். எல்லாம் 1.255க்கும் 1.270க்கும் இடையில். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 அளவுக்குத் தாழ்ந்திருந்தால் அந்த பேட்டரியைச் சந்தேகிக்கலாம். அப்படி எதுவும் இல்லை.

இணைப்பைக் கழற்றியபோது அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. காரணம் நாங்களே. மின்னேற்றுவதற்கு முன்பே டிஸ்டில் வாட்டரை விளிம்புவரை ஊற்றுவது வீட்டு வழக்கம். ஏற்றும்போது திரவம் பொங்கி, அமிலம் மேலே கசிந்து உலோகத்தை அரிக்கிறது. தகடுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் முன்னால் ஊற்றி, மீதியை ஏற்றி முடித்தபின் ஊற்ற வேண்டும்.

செய்ய முனைவோருக்கு ஓர் எச்சரிக்கை. மோதிரம், கைக்கடிகாரம், இடுப்புச் சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஸ்பேனர் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே விழுந்தால் தீப்பொறி பறக்கும். மின்னேற்றும்போது வெளிவரும் ஹைட்ரஜன் அருகில் அது வெடிக்கும். சாவியை அணைத்து, மொத்த அடுக்கின் எதிர்முனைக் கேபிளை முதலில் எடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். பீடியைத் தூர வையுங்கள் என்று சித்தப்பாவிடம் மூன்று முறை சொன்னேன்.

சமையல் சோடா கரைத்த நீரால், அறைகளின் மூடிகள் இறுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கழுவினோம். கம்பிப் பிரஷால் ஈயம் பளபளக்கத் தேய்த்து, புது லக்கு போட்டு, போல்ட்டை முறுக்கியபின் மேலே வாசலின் பூசினோம். ஈயம் மென்மையானது, பலத்தைக் காட்டி முறுக்கினால் கம்பமே பிய்ந்துவரும்.

ஞாயிறு மாலை மறுபடி அளந்தபோது அந்த இணைப்பில் விழுந்தது 0.04 வோல்ட்டு. வண்டி நான்கு நடை நிற்காமல் ஏறியது. செலவு ஒரு லக்கும் அரைப் பொட்டலம் சோடாவும். சோடா சித்தியின் அடுக்களையிலிருந்து எடுத்தது. திங்கட்கிழமை அவர் கேட்டது அதைப் பற்றித்தான், சங்கிலியைப் பற்றி அல்ல. கருகிய பழைய லக்கு என் மேசையில் இருக்கிறது. பார்க்க விரும்பும் நண்பர்கள் விடுதிக்கு வரலாம்.